நூற்று இருபத்தெட்டாவது டோக்கன்

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்கள் சார். எனக்கு வெளியே பார்க்க ஒன்றுமில்லை. கோயம்புத்தூர் வரைக்கும் இதே ரோடு, இதே டோல்கேட். பையைத் தூக்கி மேலே போட்டேன், மூக்குக் கண்ணாடியும் அதற்குள்ளேயே போய்விட்டது. போகட்டும். ஓடுகிற பஸ்ஸில் படித்தால் எனக்குத் தலை சுற்றும். பேசினால் சுற்றாது. கேட்கிறவர்களுக்குத்தான் சுற்றும் என்பாள் என் மனைவி.

மடியில் என்ன சார் அது, எவர்சில்வர் டப்பாக்களா? சாம்பிளா! அப்படியென்றால் நீங்கள் பாத்திரக் கம்பெனி ஆள். கடை கடையாகப் போய் ஆர்டர் எடுப்பீர்கள். நல்ல தொழில். கையில் எடுத்துக் காட்டலாம், தட்டிக் காட்டலாம். என் தொழிலில் எதையும் தட்டிக் காட்ட முடியாது. நான் கம்ப்யூட்டர் பேராசிரியர். பொறியியல் கல்லூரி. நம்பிராஜன் என்று பெயர்.

ஒரு உதவி செய்யுங்கள். ஒரே சைஸில் இரண்டு டப்பா கொடுங்கள். அழுக்காக்க மாட்டேன், பயப்படாதீர்கள். இதோ, என்னிடம் கடலைமிட்டாய் இருக்கிறது. இந்த டப்பாவில் ஒன்று. அந்த டப்பாவில் ஒன்று. இரண்டையும் மூடியாயிற்று. இப்போது சொல்லுங்கள், இரண்டும் ஒன்றா, இல்லையா?

ஒன்றுதான் என்கிறீர்கள். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஒன்றாக இருந்தால் ஒரே சமயத்தில் என் இடது கையிலும் வலது கையிலும் எப்படி இருக்கும்? யோசியுங்கள். உள்ளே இருக்கிறது சமம். டப்பா வேறு வேறு. சமம் என்பது வேறு, ஒன்று என்பது வேறு. சிரிக்காதீர்கள் சார். இந்த வித்தியாசத்தால் என் மகள் நாலு மாதமாக என்னோடு பேசுவதில்லை.

ஒரே மகள். பூங்கோதை என்று பெயர், கோதை என்று கூப்பிடுவோம். கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். அவளைப் பார்க்கத்தான் போகிறேன். பஸ் ஸ்டாண்டுக்கு வந்து அழைத்துப் போ என்று நேற்றே மெசேஜ் போட்டேன். அவள் இருக்கிற இடம்கூட எனக்குத் தெரியாது, அவள் அம்மாவுக்கு மட்டும்தான் சொல்லியிருக்கிறாள். மெசேஜுக்கு நீல டிக் விழுந்துவிட்டது. பதில் இல்லை. கிளம்பும்போது செண்பகம், அதாவது என் மனைவி, ‘அவதான் வர்றேன்னு சொல்லலையே, என்ன நம்பிக்கையில போறீங்க?’ என்று கேட்டாள். வரமாட்டேன் என்றும் சொல்லவில்லையே என்றேன். சரிதானே?

நான் ஒரு தப்பும் செய்யவில்லை சார். அதுதான் எனக்கு ஆற்றாமை. தப்பு செய்துவிட்டு அனுபவித்தால் மனசு ஆறும். கேளுங்கள், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

எங்கள் ஊரில் ஒரு பெருமாள் கோயில். ஊர்ப் பெயர் வேண்டாம், அங்கே என்னைப் பார்த்தால் இன்னும் சிலர் டோக்கனை நீட்டுகிறார்கள். கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. வாசலில் ஒரு கவுன்டர், அதில் பேச்சித்தாய் என்று ஒரு அம்மாள். போனை வாங்கி ஒரு துணிப்பையில் போட்டு, மர அலமாரியில் ஒரு குழியில் வைப்பாள். எண் போட்ட டோக்கன் கொடுப்பாள். சாமி கும்பிட்டுவிட்டு வந்து டோக்கனைக் கொடுத்தால் போன் கைக்கு வரும். ஒரு நாள் யாரோ ஒருவருடைய புத்தம்புதுப் போன் வேறொருவரிடம் போய்விட்டது. வாங்கிப் போனவர் திரும்பி வரவே இல்லை. எதற்கு வருவார், பெருமாள் கொடுத்தார் என்று நினைத்திருப்பார். போனைத் தொலைத்தவர் கொடிமரத்தடியில் உட்கார்ந்து பெருமாளையும் சேர்த்துத் திட்டினார். அப்புறம்தான் ஈ.ஓ., கோயில் அதிகாரி, என் வீட்டுக்கு வந்தார். ‘சார், கம்ப்யூட்டர்ல ஏதாச்சும் பண்ணிக் குடுங்க, கோயில் காரியம்’ என்றார். ஊரில் கம்ப்யூட்டர் பேராசிரியர் நான் ஒருவன்தானே.

செய்து கொடுத்தேன். அதாவது, எழுதியது கோதை. அப்போது அவள் எம்.சி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். நான் வழிகாட்டினேன். அவள் எழுதும்போது பின்னால் நின்றேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் சின்னதுதான். டோக்கன் எண்ணைப் பேச்சித்தாய் தட்டுவாள். பையில் இருக்கிற எண்ணை இன்னொரு கட்டத்தில் தட்டுவாள். இரண்டும் ஒத்துப்போனால் திரை பச்சையாகும், போனைக் கொடுக்கலாம். ஒத்துப்போகாவிட்டால் சிவப்பு. ‘சிவப்பு வந்தா சாமியே வந்து கேட்டாலும் குடுக்கப்படாது’ என்று ஈ.ஓ. உத்தரவு.

திரையில் மேலே ஒரு வரி போடச் சொன்னேன். ‘உபயம்: பேராசிரியர் மா. நம்பிராஜன், எம்.எஸ்சி., எம்.ஃபில்.’ தற்பெருமை இல்லை சார். எங்கள் கோயிலில் டியூப்லைட்டுக்கு உபயம் போடுகிறார்கள், வெளிச்சம் வருவதற்கே இடமில்லாமல் பெயர். குப்பைக்கூடைக்கும் உபயம் உண்டு. ஒரு மென்பொருளுக்குப் போடக் கூடாதா? என் பெயர் கொஞ்சம் பெரிதாகிவிட்டதில் எண் தட்டுகிற கட்டம் சிறிதாகிவிட்டது. பேச்சித்தாய் மட்டும், ‘பேரு நல்லாத் தெரியுது சார், நம்பருதான் தெரிய மாட்டேங்குது’ என்று முனகினாள். தன் பெயர் எங்கே என்று கோதை கேட்கவில்லை. கேட்டிருந்தால் போட்டிருப்பேன்.

இப்போது டப்பா விஷயத்துக்கு வருகிறேன். ஜாவா என்று ஒரு மொழி. அதில்தான் எழுதினாள். அதில் எண்ணை இரண்டு விதமாக வைத்துக்கொள்ளலாம். ஒன்று, வெறும் எண். உள்ளங்கையில் இருக்கிற கடலைமிட்டாய் மாதிரி. இன்னொன்று, டப்பாவில் போட்ட எண். எதற்கு டப்பா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அலமாரியில் ஒரு குழி காலியாக இருக்கிறது, அதில் எந்த எண் என்று எழுதுவது? வெறும் எண்ணாக இருந்தால் ஏதாவது ஒன்று எழுதித்தான் ஆக வேண்டும், குறைந்தபட்சம் பூஜ்யமாவது. ‘பூஜ்யம் வேற, ஒண்ணுமே இல்லைங்கறது வேறப்பா’ என்றாள் கோதை. டப்பாவாக இருந்தால் டப்பாவே இல்லை என்று விட்டுவிடலாம். அது சரி என்று ஒப்புக்கொண்டேன். நியாயமாக யார் சொன்னாலும் ஒப்புக்கொள்கிறவன் நான். பதில் இல்லை என்பதை ‘இல்லை’ என்ற பதிலாக எடுத்துக்கொள்ளக் கூடாது, ‘ஆமாம்’ என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. என் வகுப்பில் இதை ஒரு மணி நேரம் நடத்தியிருக்கிறேன்.

என்ன சார்? மெசேஜா? எந்த மெசேஜ்? ஓ, கோதைக்குப் போட்டதா. அது வேறு சார். அது குடும்ப விஷயம்.

பஸ் நிற்கப்போகிறது பாருங்கள். இந்த மோட்டலில் இறங்காதீர்கள். டீ என்று ஒன்று கொடுப்பார்கள், சூடாக இருப்பதைத் தவிர அதற்கும் டீக்கும் சம்பந்தமில்லை. டிரைவருக்கும் கண்டக்டருக்கும் மட்டும் உள்ளே தனியாக நல்ல டீ. உட்காருங்கள், சொல்லி முடித்துவிடுகிறேன்.

கோதை எழுதினதை நான் வரி வரியாகப் பார்த்தேன். ஒரு இடத்தில், இரண்டு எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிற இடத்தில், ஈக்வல்ஸ் என்று ஒரு நீளமான சொல்லைப் போட்டு, புள்ளி வைத்து, அடைப்புக்குறி போட்டு எழுதியிருந்தாள்.

‘என்னம்மா இது? எண்ணை எண்ணோட ஒப்பிட இவ்வளவு ஆர்ப்பாட்டமா? ரெண்டு சமக்குறி போட்டா முடிஞ்சுது’ என்றேன்.

‘அப்பா, அது வெறும் நம்பர் இல்ல. டப்பாவுக்குள்ள இருக்கற நம்பர். ரெண்டு சமக்குறி போட்டா, ரெண்டும் ஒரே டப்பாவான்னுதான் பாக்கும். ஈக்வல்ஸ் போட்டாத்தான் மூடியத் தொறந்து உள்ள பாக்கும்.’

சார், இருபத்திரண்டு வருடமாகக் கரும்பலகையில் இரண்டு சமக்குறி எழுதிக்கொண்டிருக்கிறவன் நான். என்னிடம் படித்த பிள்ளைகள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். பாங்கு, விமான கம்பெனி, ஆஸ்பத்திரி. எல்லோரும் எங்கோ உட்கார்ந்து இந்த நிமிஷம் இரண்டு சமக்குறி போட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். நினைத்தால் பெருமையாக இருக்கும். இப்போது கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. அது இருக்கட்டும்.

‘தள்ளிக்கோ’ என்றேன். உட்கார்ந்தேன். அந்த ஒரு வரியை மாற்றினேன். ஒரே ஒரு வரி. திருத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது, சுத்தம் செய்தேன் என்று சொல்லலாம். ஓட்டிப் பார்த்தேன். ஒன்றாம் எண் போட்டேன், பச்சை. ஏழு போட்டேன், பச்சை. நாற்பது, பச்சை. தொண்ணூறு, பச்சை. வேண்டுமென்றே தப்பாகப் போட்டேன், சிவப்பு. அலமாரியில் மொத்தமே நூறு குழிதான். ‘பாத்தியா?’ என்றேன்.

‘சின்ன நம்பருக்கு வேலை செய்யும்ப்பா. நூத்தி இருபத்தேழு வரைக்கும் செய்யும். அதுக்கு மேல செய்யாது.’

‘ஏன், அதுக்கு மேல எண்ணுக்கு வயசாயிடுமா?’

‘போட்டுப் பாருங்கப்பா.’

‘இல்லாத குழிக்கு எதும்மா எண்ணு? இல்லாத மாப்பிள்ளைக்குச் சட்டை தைக்கச் சொல்றே.’

‘நூத்தி இருபத்தெட்டுன்னு ஒரு தடவ போட்டுப் பாருங்கப்பா. ஒரே தடவ.’

போடவில்லை. சார், தேவையில்லாத ஒன்றைச் செய்து பார்ப்பது விஞ்ஞானம் இல்லை, விளையாட்டு. ஒரு பேராசிரியர் நூற்று இருபத்தேழு வரை சரி, நூற்று இருபத்தெட்டிலிருந்து தப்பு என்பதை நம்ப முடியுமா? வாஸ்து மாதிரி இருக்கிறது. ஜோசியக்காரன்கூட இவ்வளவு திட்டமாகச் சொல்ல மாட்டான்.

அவள் சொன்னது சரி சார். அது அப்படித்தான். அதைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை. அந்த மொழியைச் செய்தவர்கள் விதிப் புத்தகத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒவ்வொரு தடவையும் புது டப்பா செய்தால் இடம் வீண் என்று, சின்ன எண்களுக்கு மட்டும் முன்கூட்டியே டப்பா செய்து ஒரு தட்டில் அடுக்கி வைத்துவிட்டார்கள். யார் ஐந்து கேட்டாலும் அதே ஐந்தாம் டப்பா. எத்தனை பேர் கேட்டாலும் அதே டப்பாவைத்தான் காட்டுவார்கள். நூற்று இருபத்தேழோடு தட்டு முடிந்தது. அதற்கு மேல் கேட்டால் கேட்கக் கேட்கப் புதுசாகச் செய்து கொடுப்பார்கள்.

ஆமாம் சார், அதேதான்! சின்ன சைஸ் ஸ்டாக்கில் இருக்கும், அண்டா ஆர்டர் கொடுத்தால்தான் செய்வோம் என்கிறீர்களே, அதேதான். நீங்கள் என் வகுப்பில் உட்கார்ந்திருந்தால் தேறியிருப்பீர்கள்.

ஆகவே நாற்பதாம் டோக்கனுக்கும் நாற்பதாம் பைக்கும் நிஜமாகவே ஒரே டப்பா. இரண்டு சமக்குறி ‘ஒரே டப்பாதான்’ என்கிறது, பச்சை. நூற்று இருபத்தெட்டுக்கு டோக்கனுக்கு ஒரு டப்பா, பைக்கு ஒரு டப்பா. உள்ளே ஒரே எண். ஆனால் டப்பா வேறு. ‘இல்லை’ என்கிறது, சிவப்பு. சொல்லுங்கள் சார், இது அநியாயம் இல்லையா? தப்பாக இருந்தால் முதலிலிருந்தே தப்பாக இருக்க வேண்டாமா? முதல் நாளே சிவப்பு வந்திருந்தால் நானே மாற்றியிருக்க மாட்டேனா? நல்லவன் மாதிரி நூற்று இருபத்தேழு தடவை நடந்துகொண்டுவிட்டு அப்புறம் காலை வாருவது என்ன குணம்? மனிதர்களிடம்கூட நான் இப்படிப் பார்த்ததில்லை.

புரட்டாசி கடைசி சனிக்கிழமை. பெருமாள் கோயில் கூட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். ஈ.ஓ. ஆசாரியை வைத்து இன்னொரு அலமாரி அடித்துவிட்டார். முன்னூறு குழி. என்னிடம் யாரும் சொல்லவில்லை. கோதையிடம் சொன்னார்களாம். அவள் என்னிடம் சொன்னாளாம். ‘அப்பா, இப்பவாவது அந்த வரிய மாத்திடட்டுமா?’ என்று கேட்டாளாம். கேட்டாள், கேட்டாள், ஞாபகம் இருக்கிறது. திருவிழா முடியட்டும் என்றேன். ஓடுகிற எந்திரத்தில் கை வைக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் பாலபாடம்.

அன்று காலை நான் கவுன்டர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். பெரிய மனிதர்கள் வந்தால் திரையைக் காட்டலாம் என்று. அழகாகப் போய்க்கொண்டிருந்தது. பத்து மணிக்கு மேல் ஒரு அம்மாள் வந்தாள், மொட்டை போட்ட குழந்தை இடுப்பில், சந்தனம் காயாமல். டோக்கன் நூற்று இருபத்தெட்டு. பேச்சித்தாய் தட்டினாள். சிவப்பு. மறுபடி தட்டினாள். சிவப்பு.

‘ஏம்மா, அந்தா தெரியுதே, அதுதான் எம் போனு. பையிலயும் அதே நம்பர்தான போட்டிருக்கு?’

‘நம்பர் அதேதாம்மா. மிஷினு இல்லங்குதே.’

‘மிஷினுக்குக் கண்ணு இல்லையா? ஒனக்கு இருக்குல்ல?’

‘எனக்கு இருந்து என்ன செய்ய? செவப்பு வந்தா சாமி கேட்டாலும் குடுக்காதன்னு ஆர்டரு.’

அடுத்தவர் நூற்று இருபத்தொன்பது. சிவப்பு. அதற்கடுத்தவர். சிவப்பு. ஆனால் நடுவில் சின்ன எண்காரர்கள் வந்தால் பச்சை! அவர்கள் போனை வாங்கிக்கொண்டு, மற்றவர்களை ஏதோ பாவம் செய்தவர்களைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு போனார்கள். கூட்டம் சேர்ந்துவிட்டது. வேன் டிரைவர் எங்கே நிற்கிறான் என்று தெரியாது, அவன் நம்பர் போனுக்குள் இருக்கிறது. செருப்பு வைத்த இடத்தில் கொடுக்கச் சில்லறை இல்லை, பணமும் போனுக்குள் இருக்கிறது. மாமியாரைத் தொலைத்துவிட்டு ஒருத்தர் நின்றார். அவர் மட்டும் அவ்வளவாக அவசரப்படவில்லை. யாரோ ஒருவர், ‘இந்தப் பொம்பளதான் போன அமுக்கிட்டு டிராமா போடுது’ என்று பேச்சித்தாயைக் கை காட்டினார். அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

நான் சும்மா இருக்கவில்லை சார். எழுந்து நின்று விளக்கினேன். அமைதியாக இருங்கள், இது எண்ணில் கோளாறு இல்லை, ஒப்பீட்டில் ஏதோ நுட்பமான சிக்கல், ஒருவேளை மொழியின் உள்ளமைப்பிலேயே இருக்கலாம் என்று ஆரம்பித்தேன். ‘யோவ் வாத்தியாரே, பாடம் அப்புறம் நடத்து, மொதல்ல போனக் குடுய்யா’ என்று பின்னாலிருந்து ஒருத்தன். இந்த நாட்டில் காரணம் சொல்கிறவனுக்கு மரியாதை இல்லை.

ஈ.ஓ. ஓடி வந்தார். சட்டையெல்லாம் வியர்வை. ‘யாருய்யா எழுதினது இந்த ப்ரோகிராம?’ என்று கத்தினார். எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். அதில் பெரிதாக என் பெயர். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

‘என் மகள் எழுதினது’ என்றேன்.

உண்மைதானே சார்? கோயிலுக்குள் நின்று பொய் சொல்ல முடியுமா? எழுதியது அவள். உபயம்தான் நான். டியூப்லைட் ஃப்யூஸ் போனால் உபயதாரரையா பிடிப்பார்கள்?

அந்த நேரம் பார்த்துக் கோதை மடைப்பள்ளியிலிருந்து வந்துகொண்டிருந்தாள். எனக்குப் பசி தாங்காது என்று தொன்னையில் புளியோதரை வாங்கிக்கொண்டு. நான் சொன்னது அவள் காதில் விழுந்துவிட்டது. நின்றாள். என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை. ஒரு டப்பாவின் மூடியைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பார்களே, அப்படி. கொஞ்ச நேரம்தான். தொன்னையை என் நாற்காலியில் வைத்துவிட்டு, பேச்சித்தாயின் தோளைத் தட்டி எழுப்பி, அங்கே உட்கார்ந்தாள். அந்த வரியைத் திரும்ப மாற்றினாள். ஓட்டினாள். நூற்று இருபத்தெட்டு, பச்சை. மொட்டைக் குழந்தை கை தட்டியது. அதற்கு நிறம் பிடித்துவிட்டது போல.

ஈ.ஓ.வுக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. அத்தனை பேருக்கும் முன்னால், ‘ஏம்மா, இவ்வளவு படிச்ச பொண்ணு, கொஞ்சம் கவனமா எழுத வேணாமா? அப்பா பேரக் கெடுத்துட்டியே’ என்றார்.

கோதை என் பக்கம் திரும்பவே இல்லை. ‘தப்புதான் சார், மன்னிச்சிக்கோங்க’ என்றாள். பேச்சித்தாயிடமும் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டாள்.

ஆயிற்றா? பிரச்சினை தீர்ந்தது. மன்னிப்பும் கேட்டாயிற்று. எல்லோருக்கும் போன் கிடைத்தது. மாமியார்கூடக் கிடைத்துவிட்டாராம். பிறகு எதற்குக் கோபம்? நானும் ஒன்றும் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. அந்தப் புளியோதரையைச் சாப்பிட்டேன், நன்றாகவே இருந்தது.

அன்றிலிருந்து பேச்சு நின்றது. சண்டை போட்டால் பதில் சொல்லலாம். ‘சாப்பாடு ஆச்சான்னு அப்பாகிட்ட கேளும்மா’ என்று அவள் அம்மாவிடம் சொல்வாள், நான் எதிரில் உட்கார்ந்திருப்பேன். ஐப்பசியில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். பொங்கலுக்கு வரவில்லை. நான் விட்டேனா? விளக்கினேன். வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாகவே முழுப் பாடமும் நடத்தி அனுப்பினேன். கொள்கை அளவில் இரண்டு சமக்குறிதான் சரி, நடைமுறையில் அந்த மொழி சொதப்பியதற்கு நான் பொறுப்பில்லை என்று ஆதாரத்தோடு. எல்லாவற்றுக்கும் நீல டிக். என்ன செய்வது சொல்லுங்கள்.

என்ன கேட்டீர்கள்? சாரியா? யார் யாரிடம்? நானா? எதற்கு சார்? இவ்வளவு நேரம் சொன்னதை நீங்கள் கவனிக்கவே இல்லை. தேறியிருப்பீர்கள் என்று சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். இந்தாருங்கள் உங்கள் டப்பா.

பல்லடம் வந்துவிட்டதே. இன்னும் ஒரு மணி நேரம். அவள் வராவிட்டால் என்ன செய்வேன் என்கிறீர்களா? அடுத்த பஸ்ஸில் திரும்ப வேண்டியதுதான். செண்பகத்திடம் என்ன சொல்வது என்றுதான். அவள் ஒன்றும் கேட்க மாட்டாள். அதுதான் சிரமம்.

என் சட்டைப் பைதானே அடித்தது? இருங்கள். கோதை! கோதைதான், படம் தெரிகிறது. எழுத்து தெரியவில்லை, பூச்சி பூச்சியாக இருக்கிறது. கண்ணாடி மேலே மாட்டிக்கொண்டிருக்கிறதே. நீங்கள் படியுங்கள் சார், கோபித்துக்கொள்ளாதீர்கள். சத்தமாக வேண்டாம்.

‘ஸ்டாண்டுக்கு வர்றதா வேணாமான்னு யோசிச்சிட்டு இருக்கேன். ஒரே ஒரு கேள்வி. அன்னைக்கு அத்தன பேர் முன்னாடி ஏன்ப்பா என்னைக் கை காட்டினீங்க?’

ம்.

அவ்வளவுதானா? கீழே ஒன்றும் இல்லையா?

வரியைப் பற்றிக் கேட்கவில்லையே. சமக்குறியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நாலு மாதமாக நான் அதற்கல்லவா பதில் அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

நீங்களே தட்டுங்கள். நான் சொல்லச் சொல்ல எழுதுங்கள். ‘அன்புள்ள கோதைக்கு. அன்று நான் கூறியது தகவல் அளவில் சரியானதே. மென்பொருளை எழுதியவர் யார் என்பதுதான் கேள்வி. அதைத் திருத்தியவர் யார் என்று கேட்கப்படவில்லை.’ எழுதினீர்களா? அழியுங்கள். வேண்டாம். ‘கோதை, கூட்டத்தில் ஒரு பதற்றம்.’ அழியுங்கள். பதற்றப்பட்டேன் என்றால் அது என்ன, நான் பதற்றப்படுகிற ஆளா? ‘கோதை, புளியோதரை நன்றாக இருந்தது.’ அழியுங்கள், அழியுங்கள்.

என்ன செய்கிறீர்கள்? அனுப்பிவிட்டீர்களா? எதை அனுப்பினீர்கள்? நான் ஒன்றும் சொல்லவில்லையே!

‘சாரிம்மா’ என்றா? என் பெயரிலா?

சார், நீங்கள் யார் சார்? டப்பா விற்கிறவர். ஒரு மகளுக்கும் அப்பாவுக்கும் நடுவில், என் போனிலிருந்து, என் படத்துக்குக் கீழே, நான் சொல்லாத ஒரு வார்த்தையை... நான் சொன்னாலும் அதே வார்த்தைதான் என்கிறீர்களா? அதே வார்த்தையாக இருக்கலாம் சார். நான் சொன்னது இல்லையே! இவ்வளவு நேரம் கடலைமிட்டாயை வைத்துக்கொண்டு உங்களுக்கு என்ன சொல்லிக்கொடுத்தேன்?

அடிக்கிறது பாருங்கள். படியுங்கள். நீங்கள் செய்த காரியம், நீங்களே படியுங்கள்.

‘போன் யார் கையில இருக்கு? நீங்க யாருங்க? எங்கப்பாவுக்கு ஒண்ணும் ஆகலையே?’

பார்த்தீர்களா! பார்த்தீர்களா சார், என் மகளை! ஒரே வார்த்தை. ஒரே வார்த்தையில் கண்டுபிடித்துவிட்டாள், இது நான் இல்லை என்று. எத்தனை பேருக்கு வரும் இந்தக் கூர்மை? இருபத்திரண்டு வருடத்தில் ஒரு மாணவனைக் காட்டுங்கள்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டிருக்கிறாளா? இன்னொரு முறை படியுங்கள்.

அப்படியென்றால், எனக்கு ஏதாவது ஆனால்தான் என் போனிலிருந்து அந்த வார்த்தை வரும் என்று...

சிரிக்கிறீர்களா என்று பார்த்தேன். இல்லை. நல்லது.

கூப்பிட வேண்டாம் சார். கூப்பிட்டால் பேச வேண்டும். பேசினால் விளக்க ஆரம்பித்துவிடுவேன், எனக்கே தெரியும். அங்கே பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள். எழுந்து அந்தப் பையை இறக்குங்கள். கறுப்புப் பை. பக்கத்து ஜிப்பில் கண்ணாடி இருக்கும். கொடுங்கள். போனையும் கொடுங்கள். நானே அடிக்கிறேன். எனக்குத் தட்ட நேரமாகும், ஒவ்வொரு எழுத்தாகத் தேட வேண்டும், பரவாயில்லை, பஸ் மெதுவாகத்தான் போகிறது.

நீங்கள் இங்கே பார்க்காதீர்கள் சார். வெளியே பாருங்கள். ஜன்னல் பக்கம் உங்களுக்குத்தானே கொடுத்தேன்.